செய்தித்தாளைக் கிழித்து வருபவன்: 'ஜூட் சூட்' நாடகத்தை வாசிக்கவும் மேடையேற்றவும் ஒரு வழிகாட்டி

திரை இருக்க வேண்டிய இடத்தில் ஆள் உயரத்தைவிடப் பலமடங்கு பெரிய செய்தித்தாள் ஒன்று தொங்குகிறது. அது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 'ஹெரால்ட் எக்ஸ்பிரஸ்' நாளிதழின் முதல் பக்கம். தேதி 1943 ஜூன் 3, வியாழக்கிழமை. ஜூட் சூட் என்ற தொளதொளப்பான நீள உடை அணிந்த கும்பல்கள் நகருக்குள் படையெடுத்துவிட்டன என்றும், கடற்படை வரவழைக்கப்பட்டிருக்கிறது என்றும் தலைப்பு அலறுகிறது. அப்போது அந்தத் தாளின் பின்னாலிருந்து மடக்குக் கத்தியின் நுனி வெளிப்பட்டு, மேலிருந்து கீழாகக் கிழித்துக்கொண்டு வருகிறது. அந்தக் கிழிசலின் வழியாக ஒருவன் மேடைக்குள் நுழைந்து, தன் உடையை நிதானமாகச் சரிசெய்துகொண்டு, அவையை ஏற இறங்கப் பார்க்கிறான். லூயிஸ் வால்டெஸ் எழுதி இயக்கி, 1978-இல் லாஸ் ஏஞ்சலஸின் மார்க் டேப்பர் ஃபோரம் அரங்கில் முதன்முதலாக மேடையேறிய 'ஜூட் சூட்' நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்த நாடகத்தை வாசிக்க விரும்புவோருக்கும், ஒரு சிறு குழுவாக அமர்ந்து வாசிப்பு அரங்காகவேனும் நிகழ்த்திப் பார்க்க விரும்புவோருக்கும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதைப் போர்க்கால இனவெறியைப் பற்றிய நாடகம் என்று மட்டும் எண்ணி அணுகுபவர்கள், ஆட்டமும் பாட்டும் கலந்த ஒரு நீதிமன்றக் கதையைப் பார்த்த நிறைவோடு எழுந்து போய்விடக்கூடும். என் அனுபவத்தில் இதற்குள் நுழைய ஒரே ஒரு நல்ல வாசல்தான் உண்டு. அந்த முதல் காட்சியில் கிழிபடும் செய்தித்தாள்தான் அது. அந்தத் தாளை நாடகம் முழுவதும் கண்ணிலிருந்து விடாமல் பின்தொடர்ந்தால், மற்றவை யாவும் தாமாகவே வந்து அதில் சேர்ந்துகொள்ளும்.

வாசிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

நாடகப் பிரதியைக் கையில் எடுப்பதற்கு முன்பு, பின்னணியிலுள்ள இரண்டு நிகழ்ச்சிகளைத் தனித்தனியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இரண்டும் நாடகத்தில் பின்னிக் கிடப்பதால், முதல்முறை வாசிப்பவர்கள் இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

முதலாவது, ஸ்லீப்பி லகூன் வழக்கு. 1942 ஆகஸ்ட் 2 அன்று, லாஸ் ஏஞ்சலஸின் தென்கிழக்கே ஒரு பண்ணைக்கு அருகில், ஹோசே டியாஸ் என்ற இளைஞர் குற்றுயிராகக் கிடந்து, பின்னர் இறந்துபோனார். பொது நீச்சல்குளங்களில் தாராளமாக அனுமதிக்கப்படாத மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் குளித்துக் களிக்கும் நீர்த்தேக்கம் ஒன்று அங்கே இருந்தது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஒரு பாட்டின் பெயரால் அதை ஸ்லீப்பி லகூன் என்று அழைத்தார்கள். காவல்துறை நூற்றுக்கணக்கான இளைஞர்களை வளைத்துப் பிடித்தது. இறுதியில் 22 பேர் ஒரே வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். 1943 ஜனவரியில் தீர்ப்பு வந்தபோது 17 பேர் குற்றவாளிகள் எனப்பட்டனர். அவர்களுள் ஹென்றி லேவாஸ் உள்ளிட்ட மூவர் மீது முதல்நிலைக் கொலைக்குற்றம் உறுதிசெய்யப்பட்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. டியாஸை அடித்தது யார் என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை. 1944 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்தது. சான்று போதாது என்பதோடு, குற்றஞ்சாட்டப்பட்டவர்களைத் தம் வழக்கறிஞர்களோடு பேச முடியாதபடி தள்ளி உட்காரவைத்ததும் தவறு என்று அது சுட்டிக்காட்டியது.

இரண்டாவது, 1943 ஜூன் 3 இரவு தொடங்கிய கலவரம். சாவேஸ் ராவீன் பகுதியிலிருந்த கடற்படைப் பயிற்சி நிலையத்திலிருந்து புறப்பட்ட மாலுமிகள், ஜூட் சூட் அணிந்த இளைஞர்களைத் தேடிப்பிடித்து அடித்து, அவர்களது உடைகளை உரித்தெறிந்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் தரைப்படையினரும் பொதுமக்களும் சேர்ந்துகொண்டனர். திரையரங்குகளுக்குள் விளக்கைப் போடவைத்து, இருக்கையிலிருந்தவர்களை வெளியே இழுத்துவந்தார்கள். மெக்சிகோ வம்சாவளியினர் மட்டுமின்றிக் கறுப்பின இளைஞர்களும் பிலிப்பினோக்களும் அடிபட்டனர். அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவர்களைக் காவலர்கள் கைதுசெய்தார்கள். இராணுவத் தலைமை லாஸ் ஏஞ்சலஸுக்குள் படையினர் நுழையத் தடைவிதித்த பிறகே கலவரம் அடங்கியது. நகரமன்றமோ, ஜூட் சூட் அணிவதையே குற்றமாக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு முரணையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. டியாஸ் கண்டெடுக்கப்பட்ட இரண்டே நாள்களில், 1942 ஆகஸ்ட் 4 அன்று, மெக்சிகோவிலிருந்து பண்ணைக் கூலியாள்களைத் தருவித்துக்கொள்ளும் பிரசேரோ ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசு கையெழுத்திட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். வயலுக்கு மெக்சிகோவின் கைகள் வேண்டும், நகரத் தெருவில் அந்த முகங்கள் கூடாது என்ற நிலை இது. நாடகத்தின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது இதை அறிந்த பிறகுதான் முழுதாகப் பிடிபடும். வால்டெஸ் 1940-இல் கலிபோர்னியாவின் டெலானோ ஊரில் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1965-இல் அதே ஊரில் நடந்த திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, லாரியின் பின்தட்டையே மேடையாக்கி நாடகம் போட்ட 'எல் டியாட்ரோ கம்பெசினோ' குழுவை நிறுவியவரும் அவரே.

முதல் வாசிப்பு: தாளைத் தேடுதல்

பிரதியை முதல்முறை வாசிக்கும்போது கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, செய்தித்தாள் தென்படும் இடங்களை மட்டும் கோடிட்டுச் செல்லுங்கள். வசனங்களைவிட மேடைக் குறிப்புகளில்தான் அது அதிகமாக ஒளிந்திருக்கிறது. நாயகன் ஹென்றி ரெய்னாவின் தாய் டொலோரெஸ், கொடியில் காயும் துணிகளை எடுத்து மடிக்கிறாள். அந்தத் துணிகள் செய்தித்தாள்கள். நீதிபதி அமரும் மேடை செய்தித்தாள் கட்டுகளால் ஆனது. 'பத்திரிகை' என்றே பெயர்கொண்ட ஒரு பாத்திரம் மேடையில் உலவுகிறது. நீதிமன்றக் காட்சியில் அரசுத்தரப்பு வழக்கறிஞரின் வேலையையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. தனியாக ஒரு வழக்கறிஞர் பாத்திரத்தை உருவாக்க முடியாமல் வால்டெஸ் இப்படிச் செய்யவில்லை. குற்றம் சாட்டியதும், விசாரித்ததும், தீர்ப்பை முன்கூட்டியே அச்சடித்ததும் ஒரே கைதான் என்பதை அவர் வாயால் சொல்லாமல் பாத்திரப் பங்கீட்டாலேயே சொல்லிவிடுகிறார். ஆகவே, வாசிப்பு அரங்கில் நடிகர்களை மிச்சப்படுத்துவதற்காகப் பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும்போது, 'பத்திரிகை'யையும் அரசுத்தரப்பையும் இருவரிடம் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். மற்ற எதை மாற்றினாலும் இதை மாற்றக் கூடாது.

அந்தத் துணி மடிக்கும் காட்சியை ஒத்திகையில் செய்துபார்க்கச் சொல்வேன். ஒரு கயிற்றைக் கட்டி, பழைய நாளிதழின் நான்கைந்து அகலத் தாள்களைக் கவ்விகளால் தொங்கவிட்டு, டொலோரெஸாக வாசிப்பவரை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கச் சொல்லுங்கள். துணி ஓசையின்றி மடியும். தாளோ சரசரக்கும், மூலை மடங்காமல் விறைக்கும், விரலில் மை ஒட்டும். மகனிடம் வீட்டுப் பேச்சு பேசிக்கொண்டிருக்கும் தாயின் விரல்நுனி கறுப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், அவள் கையாளும் அந்தப் பொருளைப் பற்றி நடிகைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

எல் பச்சூக்கோவைப் புரிந்துகொள்வது

செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தவனின் பெயர் எல் பச்சூக்கோ. ஜூட் சூட் அணிந்து, தனி நடையும் தனி மொழியுமாகத் திரிந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைப் 'பச்சூக்கோ' என்று அழைத்தனர். நாடகத்திலோ அவன் தனியொரு ஆளாகவும், ஹென்றியின் மனச்சாட்சியாகவும், கதைசொல்லியாகவும், சில வேளைகளில் கெடுமதி சொல்பவனாகவும் ஒருங்கே இருக்கிறான். அவன் விரலைச் சொடுக்கினால் காட்சி உறைகிறது. மறுபடி சொடுக்கினால் நகர்கிறது. நம்மவர்கள் பலர் உடனே தெருக்கூத்தின் கட்டியங்காரனை நினைத்துக்கொள்கிறார்கள். அவையோடு நேரே பேசுவது, கதைக்குள்ளும் வெளியிலுமாக நடமாடுவது என்ற அளவில் அந்த ஒப்புமை சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டியங்காரன் அவையைச் சிரிக்கவைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்பவன். பச்சூக்கோ அவையை எட்டவே நிறுத்துகிறான். அவனை வேடிக்கைக்காரனாக வாசித்தால் பாத்திரம் கெட்டுவிடும்.

அவனது இயல்பைப் பிடிப்பதற்கு, நடன அரங்கில் நடக்கும் கத்திச்சண்டைக் காட்சியை மெதுவாகப் பலமுறை வாசியுங்கள். எதிர்க்குழுவின் ராஃபாஸின் கழுத்தில் ஹென்றி கத்தியை வைத்துவிட்ட நொடியில் பச்சூக்கோ எல்லாவற்றையும் நிறுத்துகிறான். ஒரு மெக்சிகனை இன்னொரு மெக்சிகன் கொல்வதுதான் இந்த நாடகத்துக்கு இப்போது குறைச்சல் என்ற பொருள்படக் குத்தலாகச் சொல்லிவிட்டு, எதிரே அமர்ந்திருக்கும் அவையை ஹென்றிக்குக் காட்டுகிறான். பார்க்க வந்தவர்கள் எதை எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள் என்று அவன் கேட்பதாகவே அது ஒலிக்கிறது. இந்த இடத்தில் குரல் உயரக் கூடாது. வாசிப்பவர் பிரதியிலிருந்து தலையை நிமிர்த்தி, ஹென்றியாக இருப்பவரைப் பார்க்காமல் கேட்போர் வரிசையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தபின் இரண்டு மூச்சு அளவுக்கு யாரும் அசையாமலிருந்தால் போதும்.

சொடுக்குகளுக்கு ஓர் எச்சரிக்கை. வாசிப்பு அரங்கில் சிலர் மேசையைத் தட்டுவது, மணியடிப்பது என்று மாற்று ஒலிகளைத் தேடுகிறார்கள். வெறும் விரற்சொடுக்குக்கு இருக்கும் அலட்சியம் அவற்றில் வராது. பச்சூக்கோவாக வாசிப்பவருக்குச் சொடுக்க வராது என்றால், வேறொருவருக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடுங்கள்.

உடை

ஜூட் சூட் என்பது தோளில் பஞ்சு வைத்துப் புடைத்து, முழங்காலை எட்டும் நீளக் கோட்டு. கால்சட்டை இடுப்புக்கு வெகு மேலே ஏறித் தொடையில் அகன்று கணுக்காலில் குறுகியிருக்கும். இடுப்பிலிருந்து நீளச் சங்கிலி தொங்கும். 1942-இல் அமெரிக்க அரசின் போர் உற்பத்தி வாரியம் ஆடைகளுக்கான துணியளவைக் குறைத்து உத்தரவிட்ட பிறகு, இவ்வளவு துணியை விழுங்கும் ஓர் உடை நாட்டுப்பற்றில்லாமையின் அடையாளமாகக் காட்டப்பட்டது. மாலுமிகள் ஆளை அடித்ததோடு விடாமல் உடையை உரித்ததற்கு இதுவும் ஒரு சாக்கு.

முழு உடை தைப்பதற்கு வசதியில்லாத குழு, பச்சூக்கோ ஒருவனுக்கு மட்டுமாவது சரியாகத் தைத்துவிட்டு மற்றவர்களைச் சாதாரண உடையில் விட்டுவிடலாம். பத்துப் பேருக்கு அரைகுறையாகச் செய்வதைவிட அது மேல். முதல் மேடையேற்றத்திலும் 1981-இல் வெளிவந்த திரைப்படத்திலும் பச்சூக்கோவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், உடலைப் பின்னோக்கிச் சாய்த்து நிற்கும் நிலையைக் கவனித்துப் பாருங்கள். அந்தக் கோட்டின் கனமும் நீளமும் ஆளை அப்படித்தான் நிற்கவைக்கும். ஆகையால் ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே நடிகர் ஏதேனுமொரு நீளக் கோட்டை அணிந்தே பழக வேண்டும்.

மொழியை என்ன செய்வது

பிரதி ஆங்கிலத்தில் இருந்தாலும், ஸ்பானிய மொழியும், பச்சூக்கோக்களின் தெருமொழியான காலோவும் ஊடே ஊடே வருகின்றன. உடன்பிறந்தவனைப் போன்ற தோழன் 'கர்னால்', ஆள் 'வாட்டோ', ஆமாம் என்பதற்குச் 'சிமோன்', உடைக்கு 'டகூச்சே'. தமிழில் வாசிக்க முனைவோர் இவற்றுக்குச் சென்னைத் தெருத்தமிழைப் பொருத்திவிடும் ஆசைக்கு ஆளாவது இயல்பு. நானும் ஆளானவன்தான். ஆனால் அப்படிப் பொருத்தியவுடன் கதை நடக்கும் ஊர் மாறிவிடுகிறது, கேட்பவர் மனத்தில் வேறொரு சாதியும் வேறொரு பேட்டையும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எனவே காலோச் சொற்களை அப்படியே ஒலிக்கவிட்டு, மற்ற வசனங்களை எளிய பேச்சுத்தமிழில் அமைப்பதே தக்க வழி. நாலைந்து சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால், இரண்டாவது காட்சிக்குள் கேட்பவர் காது பழகிவிடும். மூல அரங்கிலும் எல்லாப் பார்வையாளருக்கும் காலோ புரிந்திருக்கவில்லை. தன் வீட்டுப் பேச்சை மேடையில் கேட்ட ஒரு பகுதியினர் சிரிக்க, மற்றொரு பகுதியினர் விழித்ததும் அந்த நாடகத்தின் அனுபவத்தில் சேர்ந்ததே.

நீதிமன்றக் காட்சி

நாடகத்தில் வரும் விசாரணைக் கொடுமைகளில் எவை கற்பனை என்று தேடப் புகுந்தால் வியப்புதான் மிஞ்சும். குற்றஞ்சாட்டப்பட்டவர்களைத் தலைமுடி வெட்டிக்கொள்ளவும் நல்ல உடை மாற்றிக்கொள்ளவும் தொடக்கத்தில் அனுமதிக்காதது, தம் பெயர் சொல்லப்படும்போதெல்லாம் எழுந்து நிற்கவேண்டுமென்று பணித்தது, வழக்கறிஞர்களிடமிருந்து பிரித்து உட்காரவைத்தது ஆகியவை சார்ல்ஸ் ஃப்ரிக் என்ற நீதிபதியின் மன்றத்தில் உண்மையில் நடந்தவை. ஷெரீஃப் அலுவலகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டுரான் ஏயர்ஸ், மெக்சிகோ வம்சாவளியினரின் வன்முறை அவர்களது இரத்தத்திலேயே ஊறியது என்றும், மெக்சிகோவின் பழங்குடிகளான அஸ்டெக்குகளின் நரபலி வழக்கத்திலிருந்து அது வருகிறது என்றும், வழக்கு தொடரலாமா என்று தீர்மானிக்கும் பெருநடுவர் குழுவிடம் அறிக்கையே அளித்தார்.

எழுந்து நிற்கும் அந்த ஒரு செயலை ஒத்திகையில் நேரம் எடுத்துப் பயிலுங்கள். சாட்சி சொல்பவர் ஒரு பெயரைச் சொல்கிறார், பையன் எழுகிறான். இன்னொரு பெயர், இன்னொருவன் எழுகிறான். மறுபடி முதல் பெயர். நாற்காலி தரையில் உராயும் ஓசை சாட்சியத்தின் நடுநடுவே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மடக்கு நாற்காலிகள் இதற்கு மிகப் பொருத்தம். கையைத் தூக்கி 'நான்தான் குற்றவாளி' என்று காட்டுவது போலவே ஒவ்வோர் எழுச்சியும் தோன்றுவதைக் கேட்போர் தாமாகவே உணர்ந்துகொள்வார்கள்.

நீதிபதி, வழக்கறிஞர், நாயகன் என எல்லாருக்கும் நாடகத்தில் பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. ஹென்றி லேவாஸ் ஹென்றி ரெய்னா ஆகிறார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக அமைக்கப்பட்ட பாதுகாப்புக் குழுவின் செயலாளராக உழைத்த ஆலிஸ் மெக்ராத் ஆலிஸ் புளூம்ஃபீல்ட் ஆகிறார். ஆலிஸுக்கும் ஹென்றிக்கும் இடையே அரும்பும் காதல் நாடகாசிரியரின் கற்பனை. உண்மையும் புனைவும் கலந்தே இது கட்டப்பட்டிருக்கிறது என்று தொடக்கத்திலேயே பச்சூக்கோ எச்சரித்துவிடுவதால், இதைப் பிழையென்று சொல்ல இயலாது. ஆயினும் அந்தக் காதல் நாடகத்துக்கு வலுச்சேர்க்கவில்லை என்பது என் கருத்து. ஹென்றியின் காதலி டெல்லா, அன்றிரவு நடந்ததைச் சாட்சிக் கூண்டில் நின்று சொல்லும் ஒரு காட்சியில் நெஞ்சில் நிற்கிறாள், பிறகு மங்கிவிடுகிறாள். வரலாற்றில் அந்த இளைஞர்களோடு பிடிபட்ட பெண்களில் சிலர் எந்த விசாரணையுமின்றிச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கதைக்கு நாடகம் கொடுத்த இடம் போதாது. வாசிப்புக்குப் பின் குழுவில் விவாதம் நடத்துவதானால் இங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் அங்கமும் முடிவுகளும்

சான் குவென்டின் சிறையில் கடிதங்கள் வழியாக நகரும் பகுதிகளை விரைவாகவே கடந்துவிடலாம். நேரம் குறைவென்றால் வெட்டக்கூடியதும் இதுதான். தனிச்சிறைக் காட்சியையும் கலவரக் காட்சியையும் மட்டும் தொடாதீர்கள். கலவரத்தில் மாலுமிகள் பச்சூக்கோவைச் சூழ்ந்து, அவனது உடையை ஒவ்வொன்றாக உரிக்கிறார்கள். வெறும் இடைத்துணியோடு எழுந்து நிற்பவன் அவமானப்பட்டவனாகத் தெரியவில்லை, பழைய அஸ்டெக் மனிதனாகத் தெரிகிறான். ஏயர்ஸ் எந்த மூதாதையரைக் காட்டி அவர்களை இழித்தாரோ, அந்த மூதாதையரின் உருவிலேயே அவன் நிமிர்கிறான். வாசிப்பு அரங்கில் கோட்டைக் கழற்றி மடித்து, செய்தித்தாள் கட்டின்மேல் வைத்துவிட்டு நின்றாலே போதுமானது.

விடுதலையாகி ஹென்றி வீடு திரும்பியதும் நாடகம் இன்பமாக முடிந்துவிடும் போலத் தோன்றும். பச்சூக்கோ அதற்கு இடங்கொடுப்பதில்லை. பிறகு ஹென்றியின் பிற்கால வாழ்க்கை மூன்று விதமாகச் சொல்லப்படுகிறது. அவன் மீண்டும் சிறைக்குப் போய்ச் சீரழிந்து இறந்தான் என்று 'பத்திரிகை' சொல்கிறது. கொரியப் போரில் வீரமரணமடைந்து பதக்கம் பெற்றான் என்கிறான் தம்பி ரூடி. டெல்லாவை மணந்து ஐந்து குழந்தைகளுக்குத் தந்தையானான் என்கிறாள் ஆலிஸ். இவற்றை வாசிக்கும்போது எந்த ஒன்றுக்கும் கூடுதல் அழுத்தம் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது இயக்குநரின் தலையாய பொறுப்பு. 'பத்திரிகை'யின் முடிவைக் கேலிக்குரலில் வாசிக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். அது நம்பத்தக்கதாக ஒலித்தால்தான், நாடகம் முழுவதும் அந்தக் குரலை நம்பி வந்த ஒரு நகரம் நமக்குப் புரியும். மூவரும் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், பிரதியைப் பார்க்காமல் சொல்லட்டும்.

திரைப்படத்தை எப்போது பார்ப்பது

வால்டெஸே இயக்கிய திரைப்படம், ஹாலிவுட்டின் அக்வேரியஸ் அரங்கிலேயே படமாக்கப்பட்டதால், நாடக மேடையின் அமைப்பைக் கண்முன் நிறுத்துகிறது. 2019-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. ஆனாலும் பிரதியை இரண்டுமுறை வாசித்த பின்பே அதைப் பாருங்கள். முதலில் பார்த்துவிட்டால் ஓல்மோஸின் குரலைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. நாடகத்தில் ஒலிக்கும் லாலோ கெர்ரேரோவின் பாடல்களை மட்டும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளலாம். ஸ்விங்கும் மாம்போவும் கலந்த அந்தத் தாளம் காலில் ஏறாமல் நடனக் காட்சிகளின் மேடைக் குறிப்புகளை வாசிப்பதில் பயனில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் மாதக்கணக்கில் அரங்கு நிறைந்த இந்நாடகம், 1979-இல் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனபோது விமர்சகர்களின் தாக்குதலுக்கு ஆளாகி, சில வாரங்களிலேயே நின்றுபோனது. பிராட்வேயை எட்டிய முதல் சிக்கானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்) நாடகம் என்ற பெயர் அதற்கு உண்டு. 2017-இல் மார்க் டேப்பர் ஃபோரத்தில் வால்டெஸே அதை மீண்டும் இயக்கினார்.

நால்வர் ஐவராக வீட்டுக்கூடத்தில் அமர்ந்து வாசிப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டு வைத்தோ, அழைப்பிதழ் அடித்தோ, தமிழில் பெயர்த்தோ பொது அரங்கில் நிகழ்த்துவதானால் உரிமை பெற்றாக வேண்டும். ஆர்ட்டே பூப்ளிகோ பதிப்பகம் வெளியிட்ட தொகுப்பில் நாடகம் கிடைக்கிறது. உரிமைக்கு யாரை அணுகுவது என்ற விவரத்தை நூலின் முன்பக்கங்களில் பார்த்து, ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே கடிதம் எழுதிவிடுங்கள். கூடவே பக்கத்து வீடுகளில் பழைய நாளிதழ்களைச் சொல்லிவைத்துச் சேர்க்கத் தொடங்கலாம். நீதிபதியின் மேடைக்கு மட்டும் நாற்பது, ஐம்பது கிலோ தேவைப்படும்.